ஈசானிய மூலையில் ஒரு துளை

முதலில் மேலே வந்தது ஒரு பீங்கான் துண்டு. துளை எந்திரத்தின் திருகுக் கம்பியில் அப்பி வந்த களிமண்ணை சிவசோதி மண்வெட்டியால் தட்டிவிட, அது உருண்டு வந்து யாமினியின் பூட்ஸ் முனையில் நின்றது. வெள்ளைப் பீங்கானில் நீலக் கோட்டில் வரைந்த ஒரு பறவை. இந்த நிலமெல்லாம் முன்பு ஆட்டுப் பண்ணையாக இருந்தது. பண்ணை வீட்டில் ஒரு தட்டு உடைந்திருக்கும், தூக்கி எறிந்திருப்பார்கள், அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் குனிந்து எடுத்துத் துடைத்துப் பார்த்ததும் யாமினிக்குக் கழுத்துக்குப் பின்னால் வியர்வை குளிர்ந்தது. இதே துண்டு மூன்று மாதமாக டண்டினொங் புறநகரில் அவள் அலுவலக மேசையில், தாள்கள் பறக்காமல் இருக்க, உட்கார்ந்திருக்கிறது.

அதே பறவை, சிறகு நுனியில் அதே சில்லுப் பெயர்ந்த இடம், கால்களுக்குக் குறுக்கே அதே பழுப்புக் கீறல். மேசையில் இருக்கும் துண்டில் பறவைக்குத் தலை இல்லை, கழுத்தோடு உடைந்திருக்கும். இதில் ஒரு விரலகலம் கூடுதலாக இருந்தது. அந்த விரலகலத்தில் தலையும், அவளையே பார்க்கும் ஒரு வட்டக் கண்ணும் இருந்தன. ஒரே மாதிரித் தட்டாகப் பத்து வாங்கியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்துத் தட்டும் ஒரே இடத்திலா உடையும் என்று கேட்டது மனசு. திருகுக் கம்பியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டு எண் எழுதியிருந்தது. தரை மட்டத்தில் நின்ற எண் ஐம்பது.

நகரத்தின் வடக்கு விளிம்பில், கிரெய்கிபர்னுக்கும் வடக்கே, வரைபடத்தில் தெருப் பெயர்கள் மட்டும் இருக்கிற, தெருவில் ஒரு மரம்கூட இல்லாத புதுக் குடியிருப்பு அது. ஜனவரி மாதம், பூமியின் இந்தத் தென்பாதியில் கோடை உச்சம், காலை பத்து மணிக்கே நாற்பது டிகிரி. உள்நாட்டுப் பாலையிலிருந்து கிளம்பி வந்த வடகாற்று கண்ணிமையை உலர்த்தி, மனைகளின் எல்லைக் கொடிகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மண் வெடித்து, விரல் நுழையும் பிளவுகள் ஓடின. மழையில் ஊதி வெயிலில் சுருங்குகிற களிமண். அசந்தால் மேலே நிற்கிற வீட்டின் சுவரை இரண்டாகப் பிளந்துவிடும். அதற்குக் கீழே கரும்பாறை. அதனால்தான் இங்கே யாராவது வீடு கட்டுவதென்றால், முதலில் யாமினி மாதிரி ஒருத்தி வந்து மண்ணைத் துளைத்துப் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் எழுதியதை வைத்து அஸ்திவாரம் வரைவார்கள். பாறை வரை அகலமான குழிகள் துளைத்து, கான்கிரீட் நிரப்பி, அந்தக் கால்களின் மேல் வீட்டை உட்கார வைப்பார்கள். இன்று துளைப்பது அந்தக் கால்களுக்கான குழிகளைத்தான். பதின்மூன்று முடிந்து, இது வடகிழக்கு மூலையில் பதினான்காவது, கடைசி.

இந்த மூலையில்தான் அவள் பொய் எழுதியிருந்தாள்.

அக்டோபரில் சோதனைத் துளை போட வந்தபோது, மூன்று போட வேண்டியது, இரண்டுதான் போட்டாள். மனையின் சொந்தக்காரர் பிரதீப்குமார், கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, அன்று லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். ஈசானிய மூலை, இன்னும் பூமி பூஜை ஆகவில்லை, பூஜைக்கு முன்னால் அந்த மூலையில் மட்டும் இரும்பு இறங்க வேண்டாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேறு யாராவதாக இருந்தால் சிரித்து மழுப்பிவிட்டு மூன்றாவதையும் துளைத்திருப்பார்கள். யாமினி கரூர்க்காரி. ஈசானிய மூலை என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டாள். அலுவலகத்துக்கு வந்து, இரண்டாவது துளையின் விவரத்தை அப்படியே எடுத்து மூன்றாவதாகப் போட்டாள். ஒன்று போலவே இருந்தால் சந்தேகம் வருமே என்று எல்லாவற்றிலும் பத்து சென்டிமீட்டர் கூட்டினாள். நாற்பதில் வந்த பீங்கான் துண்டுகள், அவள் ஒன்றை மேசைக்கு எடுத்து வந்தவை, ஐம்பதில் வந்தன. இருநூற்று முப்பதில் முட்டிய பாறை இருநூற்று நாற்பதில் முட்டியது. கடைசியில் கறிவேப்பிலை கிள்ளிப் போடுவது போல, இரண்டாவது துளையில் இல்லாத ஒன்றையும் சேர்த்தாள்: நூற்றுத் தொண்ணூறில் லேசான நீர்க்கசிவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பூஜைக்குப் பிறகு அவள் வந்து துளைத்திருப்பாள் என்றே பிரதீப்குமார் நம்பினார். உண்மை ஒருவருக்கு மட்டும் தெரியும். அன்றும் துளை எந்திரத்தை ஓட்டியவர் சிவசோதிதான். ஐம்பதை நெருங்கும் வவுனியாக்காரர், குள்ளமான, இறுகிய உடம்பு, யாமினியின் காது உயரம்தான் இருப்பார். படகில் வந்து, பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவர். அவர் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவருக்கும் மறைக்க ஒன்று இருந்தது. இரண்டாவது துளையில், நூற்று நாற்பதில், களிமண் திருகில் பசையாகப் பிடித்துக்கொண்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, யாமினிக்கு அவசரம். எந்திரத்தை நிறுத்தாமல், மெல்லச் சுற்ற விட்டுக் கையாலேயே மண்ணை எடுக்கச் சொன்னாள். திருகு கையுறையைக் கவ்வியது. அவர் கையை உருவிக்கொண்டார். இரண்டு நகங்கள் போயின. குதித்த வேகத்தில் பக்கத்திலிருந்த பிளாஸ்க் கவிழ்ந்து மல்லித்தண்ணி மண்ணில் ஓடியது. இதைத் தாளில் ஏற்ற வேண்டாம், தன் பெயர் எந்தத் தாளிலும் ஏறக் கூடாது என்று அவர் கெஞ்சினார். யாமினிக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, இன்று வரை அதற்காக அவளுக்கு வெட்கம்.

எழுபது. எண்பது. எந்திரம் உறுமிக்கொண்டே இறங்கியது. பிரதீப்குமார் பத்தடி தள்ளி நின்று, ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்குப் போனில் வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். கையில் பித்தளைத் தட்டு, அதில் மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம். பதினொன்றரைக்குள் நல்ல நேரம், அதற்குள் இந்தக் குழியில் கான்கிரீட் விழுந்தாக வேண்டும். லாரி வந்து தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. சிவசோதியின் உதவியாள் வெயிலுக்குப் பயந்து வரவில்லை, ஆகவே எந்திரத்தின் பக்கத்தில், சிவப்பு நிறுத்தப் பொத்தானுக்கு எட்டும் தூரத்தில், யாமினியே நின்றாள்.

நூறு. மண்வெட்டி தட்டிய கட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் புழு விழுந்தது, கட்டைவிரல் பருமன். அக்டோபரில், இரண்டாவது துளையில், தொண்ணூறில் ஒரு புழு வந்தது அவளுக்கு நினைவு வந்தது. திருகு அதை இரண்டாக வெட்டியிருந்தது, இரண்டு பாதியும் கொஞ்ச நேரம் நெளிந்தன. இது மூன்றாக வெட்டுப்பட்டிருந்தது. மூன்று துண்டும் நெளிந்தன. புழுவை அவள் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. தாளில் இருப்பது மட்டும் வரவில்லை. அன்று நடந்ததெல்லாம் வந்துகொண்டிருந்தது, பத்து சென்டிமீட்டர் கீழே தள்ளி, கொஞ்சம் கூடுதலாக. தலை கூடிய பறவை. ஒரு வெட்டுக் கூடிய புழு. அப்படியென்றால் நூற்றைம்பதில் வர வேண்டியது என்ன என்று அவள் மனசு கணக்குப் போட்டது, போட வேண்டாம் என்று அவள் எவ்வளவு தடுத்தும்.

நிறுத்துங்கள் என்று கையைக் காட்டிக் கத்தினாள். சிவசோதி நெம்புகோலை நடுவில் வைத்து, திருகை நிற்க விட்டு, அவளைப் பார்த்தார். காது அடைப்பானைக் கழற்றி, ஏன் என்று கேட்டார். பிரதீப்குமாரின் போன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஊரில் இரண்டு முதியவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே நான் துளைக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பதினான்கு குழியும் வீண், வரைபடம் வீண், பொறியாளர் பதிவு போகும், அதோடு, இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்க அவள் போட்ட பி.ஆர். விண்ணப்பமும் போகும். நான்கு வருடமாகக் காத்துக்கிடந்து, இந்த மாதமோ அடுத்த மாதமோ என்று வந்து நிற்கிற விண்ணப்பம். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்யலாமே என்று மட்டும் சொன்னாள்.

சிவசோதி கிட்டே வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தவறாகப் புரிந்துகொண்டார். அந்தத் தவறும் அன்பால்தான்.

"பயப்பிடாதையும் பிள்ளை," என்றார் மெதுவாக. "நான் வாய் திறக்க மாட்டன். பாத்தனீரோ, எல்லாம் நீர் எழுதின மாதிரியே வருது. கடவுள் உம்மட பக்கம். கெதியா முடிச்சுப் போட்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

அவர் சிரித்தார். திரும்பிப் போய், காது அடைப்பானை மாட்டிக்கொண்டு, நெம்புகோலைத் தள்ளினார்.

நூற்று இருபது. குழியிலிருந்து ஒரு வாசனை ஏறியது. டீசல் புகையும் சூடான களிமண்ணும் இருக்கத்தான் செய்யும், அவற்றுக்கு நடுவே சுக்கும் கொத்தமல்லியும் கொதித்த மணம். அவள் சுற்றிப் பார்த்தாள். இன்று அவருடைய பிளாஸ்க் வண்டிக்குள், மூடியோடு, இருக்கையில் கிடந்தது. வாசனை கீழேயிருந்து, ஈரமாக, இப்போதுதான் கொட்டியது போல வந்தது. பிறகு சத்தம். எந்திரத்தின் உறுமலுக்கு அடியில் இன்னொரு உறுமல், சிறிய எந்திரத்தினுடையது, அரை நொடி பிந்தி. அக்டோபரில் கொண்டுவந்த சிறிய சோதனை எந்திரத்தின் சத்தம் அவளுக்குத் தெரியும், அதன் இருமலும் தெரியும். அது மண்ணுக்குள்ளிருந்து இருமியது.

நூற்று முப்பது.

கீழே யாரோ பேசினார்கள். பெண் குரல். களைத்த, எரிச்சலான, அவசரப்படுகிற குரல்.

"நிறுத்த வேணாம்ணா. ஒண்ணும் ஆகாது. கையாலயே எடுத்து விடுங்க."

அவளுடைய குரல். அவள் அன்று சொன்ன வார்த்தைகள், அதே வரிசையில். சிவசோதி காதுக்கு அடைப்பான் போட்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. யாமினி பொத்தானைப் பார்த்தாள். இரண்டடி தூரம். அதை அழுத்தினால் ஏன் அழுத்தினாய் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும், மேலே அனுப்ப வேண்டும், மேலே இருப்பவர்கள் பழைய தாள்களை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து பிரதீப்குமாரின் போன் சூட்டில் தானாக அணைந்துபோனது. அவர் அலுத்துக்கொண்டு, காரில் ஏசி போட்டுக் குளிர வைத்து எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார். கார் கதவு சாத்தியது. இப்போது பார்க்க யாரும் இல்லை. இப்போது சொல்லலாம்.

நூற்று நாற்பது.

சிவசோதி இந்த முறை கையைக் கொண்டுபோகவில்லை. அடிபட்டவர் அல்லவா, மண்வெட்டியை நீட்டி, உடம்பைப் பின்னால் வைத்து, நுனியால் மட்டும் சுரண்டினார். எவ்வளவு எச்சரிக்கை. அதைப் பார்த்ததும் யாமினிக்கு ஒரு நப்பாசை. ஒன்றும் ஆகாமலும் போகலாம். இன்னும் பத்து சென்டிமீட்டர்தான், அது தாண்டிவிட்டால் தாண்டியதுதான், கேட்க நாதியில்லை. அவள் வாயைத் திறந்தாள். அண்ணா என்று ஆரம்பித்தாள்.

நூற்றைம்பது.

மண்வெட்டி கவ்வப்பட்டது. கைப்பிடி சுழன்று வந்து அவர் தாடையில் அடித்தது. பல் தெறித்தது. தலைக்கவசம் பறந்தது. அவர் முன்னால் சாய்ந்தார், ஆரஞ்சு மேலாடையின் நுனி திருகில் பட்டது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, துணி முறுக்கிக் கையை இழுத்தது. கை முழங்கை வரை. முழங்கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம்.

யாமினி பொத்தானை அழுத்தினாள். இரண்டு கையாலும் அழுத்தினாள். எந்திரம் செத்தது.

திருகு நிற்கவில்லை.

உறுமல் இல்லை, புகை இல்லை, சாவியையும் திருகிப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். அந்த அமைதியில் திருகு மெதுவாக, நிதானமாக, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கொடிகள் படபடத்தன. துணி கிழிந்தது. சிவசோதி கத்தினார், பிறகு கத்தவும் மூச்சு இல்லாமல் அவளைப் பார்த்தார். தோள் வரை. அவள் அவருடைய இன்னொரு கையைப் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தாள். நூற்று அறுபது. அவர் இடுப்பு வாரைப் பிடித்தாள். நூற்று எழுபது. தோள் மூட்டு விட்டுக்கொடுத்தது, அது அவள் உள்ளங்கை வழியாகத் தெரிந்தது. தலை குழியின் விளிம்பில் ஒருமுறை மோதியது. அறுபது சென்டிமீட்டர் அகலக் குழி அது, திருகு ஏற்கெனவே நிறைத்திருக்கிற குழி. அதற்குள் ஒரு மனிதன் போக முடியாது. போனார். மார்பு மடங்கியது. இடுப்பு மடங்கியது. கடைசியில் ஒரு பூட்ஸ் அவள் கையில் நின்றது, பிறகு அதுவும் உருவிக்கொண்டது.

நூற்றுத் தொண்ணூறு. திருகின் மடிப்புகளில் ஈரம் ஏறி வந்தது. லேசான நீர்க்கசிவு என்று அவள் எழுதியிருந்தாள். இது நீர் இல்லை. வெதுவெதுப்பாக, செம்பழுப்பாக, குமிழியிட்டு வந்து களிமண்ணில் பரவி, வெயிலில் உடனே கறுத்தது.

இருநூறு. இருநூற்றுப் பத்து. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. இருநூற்று நாற்பதில் அடியில் டக்கென்று ஒரு சத்தம். பாறை. திருகு நின்றது.

யாமினி மண்டியிட்டபடியே இருந்தாள். உதவிக்குக் கூப்பிட வேண்டும், போன் எங்கே, பாக்கெட்டில்தான் இருந்தது, அவள் எடுக்கவில்லை. லாரி ஓட்டுநர் தெருமுனையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பிரதீப்குமாரின் கார் வெயிலில் மினுங்கியது. அவள் கத்தியிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். காற்றுத்தான் அவள் வாய்க்குள் புகுந்துகொண்டிருந்தது.

திருகு தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்று மேலே வந்தது. மடிப்பு மடிப்பாகக் களிமண், சுத்தமான களிமண், அதில் எதுவும் இல்லை. முழுக்க வெளியே வந்து ஒதுங்கி நின்றது. குழியின் விளிம்பில் நான்கு விரல்கள் முளைத்தன.

"அண்ணா," என்று அழுதுகொண்டே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். அவர் ஏறி வந்தார், சுலபமாக, மாடிப்படி ஏறுகிறவர் போல. தலைக்கவசம் இருந்தது. ஆரஞ்சு மேலாடை கிழியாமல் இருந்தது. இரண்டு கையும் இருந்தன. நிம்மதியில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, கண்ணைத் துடைத்தாள், அப்புறம்தான் தன் கைக்குள் இருந்த விரல்களைக் கவனித்தாள். ஒவ்வொன்றும் ஒரு கணு நீளம் கூடுதல். அவர் நிமிர்ந்தார். அவள் காது உயரத்தில் நிற்க வேண்டிய கண்கள் மேலே போயின, அவளுடைய நெற்றிக்கும் மேலே. கால்சட்டை கணுக்காலுக்கு எட்டவில்லை.

"முடிஞ்சிருச்சு யாமினி," என்றது அது. "இருநூத்தி நாப்பது. நீங்க எழுதுன மாதிரியேதான் இருக்கு."

சிவசோதி ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்படிப் பேசியதும் இல்லை. இது அவள் ஊர்ப் பேச்சு, அவள் வீட்டுப் பேச்சு. அவள் எழுதினால் இப்படித்தான் எழுதியிருப்பாள்.

கீழேயிருந்து இன்னொரு குரல் வந்தது. மிக மெலிதாக, வாயில் மண்ணோடு.

"பிள்ளை... கயிறு ஒண்டு போடும் பிள்ளை. கால் அசைக்க ஏலாமக் கிடக்கு."

கார் கதவு திறந்தது. பிரதீப்குமார் போனைத் துடைத்தபடி, வெயிலைத் திட்டியபடி வந்தார். சிவசோதியை அவர் இரண்டே முறை பார்த்தவர், உயரமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும். குழி ஓரத்தில் ஈரமாக இருக்கிறதே என்று கேட்டார். அறிக்கையிலேயே இருக்கிறது சார், லேசான கசிவுதான், பயப்பட வேண்டாம் என்று அது பணிவாகப் பதில் சொன்னது. அவர் திருப்தியாகத் தலையாட்டி, தட்டை எடுத்து, மஞ்சள் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக் குழிக்குள் போட்டார். போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"உள்ளே ஏதோ சத்தம் கேக்குதுங்களா மேடம்?"

யாமினி அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். உள்ளே ஆள் இருக்கிறார் என்று இரண்டு மூன்று வார்த்தை. சொன்னால் எந்திரத்தை நிறுத்தியதைச் சொல்ல வேண்டும், நிற்காததைச் சொல்ல வேண்டும், அக்டோபரைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்றது பொறுமையாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்து என்ன எழுதப் போகிறாள் என்று காத்திருப்பது போல. அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டும் சேர்ந்தும் அந்த வார்த்தை வரவில்லை.

"காத்துதாங்க," என்றாள்.

லாரி பின்பக்கமாக ஊர்ந்து வந்தது. தகரச் சரிவை நெட்டைக் கைகள் பிடித்துக் குழிக்கு நேராகத் திருப்பின. சாம்பல் நிறக் கான்கிரீட், கூழாங்கல் சலசலப்போடு, கனமாக விழுந்தது. கீழே குரல் பெயர்களைச் சொன்னது, அவள் கேட்டறியாத பெயர்கள், யாருடைய பெயர்களோ. பிறகு குரல் இருமலானது. பிறகு கொப்பளிப்பு. பிறகு கல் விழும் சத்தம் மட்டும்.

குழி ஏறக்குறைய நிரம்பியபோது யாமினிக்கு ஒன்று உறைத்தது. பொறியாளர் என்பதால் உறைத்தது. கான்கிரீட் மனித உடம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். அதில் மனிதன் மூழ்க மாட்டான். மிதப்பான். எவ்வளவு ஊற்றினாலும் மேலே வருவான்.

லாரி சரிவை மடக்கிக்கொண்டு ஒதுங்கியது. குழியின் மேற்பரப்பு ஈரமாகப் பளபளத்தது, நடுவில் மெல்ல உப்பியது, தாழ்ந்தது, மறுபடி உப்பியது. போன் உயிர் பெற்றிருந்தது. பிரதீப்குமார் குழிக்கு முதுகைக் காட்டி நின்று, தானும் குழியும் ஒரே படத்தில் வரும்படி கையை உயர்த்தி, அப்பா அம்மாவிடம் கும்பிட்டுக்கொள்ளச் சொன்னார். தலையைத் திருப்பாமலே ஒரு கொத்தனார் கரண்டியை யாமினியிடம் நீட்டினார்.

"நம்ம ஊர்ப் பொண்ணு, கைராசியா இருக்கும். மேல நீங்களே ஒருவாட்டி பூசி விட்டுருங்க மேடம்."

அவள் மண்டியிட்டாள். கரண்டியை வைத்தாள். ஒரு இழுப்பு. அடியிலிருந்து ஏதோ முட்டியது. கான்கிரீட் விண்டு, ஒரு விரல் வந்தது, பிறகு மூன்று, பிறகு கை. சாம்பல் பூசிய கை கரண்டியின் ஓரத்தைப் பற்றியது. பற்றி, இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தது. நெட்டையான உடம்பு அவள் பக்கத்தில் குந்தியது. குளிர்ந்த நீண்ட விரல்கள் அவள் கைமேல் வந்து படிந்தன, சேர்ந்து அழுத்தின. அடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. போனில் யாரோ முதியவள் தழுதழுத்த குரலில் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் மட்டும் மடங்காமல் நின்றது.

யாமினி அழுத்திக்கொண்டே பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அது எப்போதோ கையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தது. கரண்டியின் மேல் இருந்தது அவளுடைய கை மட்டும்தான். அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.